அழித்த கோடு

'எழுபது ஸ்போர்ட்ஸ்' என்ற எங்கள் சேனலை விழுங்கியது செல்போன்தான் என்று குணசேகரன் அண்ணன் இன்றைக்கும் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் மனசு ஆறுவதற்காகச் சொல்கிறார், சொல்லட்டும். அதைக் கவிழ்த்தது நான். என் வலது கையின் ஒரு விரல் என்று சொன்னால் இன்னும் சரி. அதே விரல்தான் என் வீட்டுக்காரரையும் மலையைவிட்டு இறக்கியது. சேனல் போனதற்காக நான் ஒரு நாளும் அழுததில்லை.

குணசேகரன் அண்ணன் அடிவாரத்துக்காரர். நிலக்கடலையும் சோளமும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, மண்ணில் கை வைக்காமல் கேபிள் டி.வி. தொழிலுக்கு வந்தவர். 2016இல் மலைக்குக் கேபிள் இழுக்க வந்தபோது செம்மேட்டு மைதானத்தில் ஒரு கபடி ஆட்டத்தைப் பார்த்தார். குண்டனி நாட்டுக்கும் ஆலத்தூர் நாட்டுக்கும் ஆட்டம். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. மழை கொட்டுகிறது, ஒரு ஆள் இடத்தைவிட்டு நகரவில்லை. "இத்தன சனத்த மழையில நிக்க வெக்கிற ஆட்டத்த, ஊட்டுக்குள்ள ஒணத்தியா உக்காந்து பாருங்கன்னா பாக்க மாட்டாங்களா அம்மிணி" என்று என்னை வேலைக்கு எடுத்த அன்று கேட்டார். மலையேறுகிற எழுபது கொண்டை ஊசி வளைவுகளின் பேரையே சேனலுக்கு வைத்தார். மிளகு மண்டிக்கு மேலே இரண்டு அறை, இரண்டு கேமரா, ஒரு கம்ப்யூட்டர். நாமக்கல்லில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்த நான் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் வளர்ந்தது. கபடி, வாலிபால், பொங்கலுக்கு எருதாட்டம். எங்கள் மலை போதாமல் பச்சைமலை, கல்வராயன்மலை, ஏற்காடு என்று எங்கே மேடும் மைதானமும் இருந்ததோ அங்கெல்லாம் எங்கள் ஜீப் போனது. மூன்றாவது வருஷம் நான்கு மாவட்டத்துக் கேபிளில் நாங்கள் இருந்தோம். சேலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் எங்கள் மலைப் பையன்களின் பேர் சொல்லி ஆட்கள் சண்டை போட்டார்கள். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை, கோழித்தீவனக் கம்பெனி, போர்வெல் ரிக் கம்பெனி என்று விளம்பரம் தேடி வந்தது. வர்ணனைக்கு ரமேஷ்குமார் என்று ஒருவன். மைக்கைப் பிடித்தால் அவனுக்குத் தலைகால் புரியாது. ஆடுகிறவர்களைவிட அவனுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கும்.

என் வீட்டுக்காரர் பேர் சின்னக்கண்ணு. அரியூர் நாடு. மரவள்ளியும் மிளகும் வைத்திருந்தார், ஆனால் மலையில் அவரைத் தெரிந்தது ரெப்ரியாகத்தான். இரண்டு நாடுகள் ஆடினால் மூன்றாவது நாட்டுக்காரர் விசில் ஊத வேண்டும் என்பது இங்கே வழக்கம். பதினான்கு வருஷம் ஊதினார். கை ஓங்கிக்கொண்டு வருகிறவன்கூட அவர் திரும்பிப் பார்த்தால் கையைக் கீழே போட்டுவிடுவான். நான் பிறந்தது குண்டனி நாட்டில். அதனால் குண்டனி ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிடும்போது ஆலத்தூர்க்காரர்கள், "மாமியா ஊட்டுப் பக்கம் சாஞ்சுராதீங்க மாப்ள" என்று கேலி பேசுவார்கள். அவரும் சிரிப்பார். அது கேலியாகவே இருந்த காலம் அது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் நடுக்கோட்டை அடுப்புச் சாம்பலால்தான் போடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணியின் கேப்டன் தன் காலாலேயே அந்தக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேய்த்து அழிப்பான். அழித்துவிட்டால் அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவுட்டா இல்லையா, பிடித்தானா விட்டானா, எதுவும். "கோடு அழிச்சாச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடித்திருப்பவனும் அடங்கிவிடுவான். சில வருஷம் டாஸ் போடாமலேயே ஏதாவது ஒரு நாட்டுக்கு முதல் ரைடு கொடுத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. மைதானத்துக்குள் பெண்கள் போவதில்லை, எனக்கும் தெரியாது. "டாஸ் போடக் காசு இல்லையோ" என்று ரமேஷ்குமாரைப் பேசவைத்து அதை ஒரு சிரிப்புத் துண்டாக வெட்டி நான் ஓடவிட்டேன். அன்று என் வீட்டுக்காரர் வந்து சாப்பிட்டு முடித்தார்.

பிறகு சொன்னார்: "யமுனா, அடிக்கிறத, புடிக்கிறத எல்லாம் திருப்பித் திருப்பிப் போடு. நல்லாத்தான் இருக்குது. ரெப்ரி குடுத்த முடிவ மட்டும் திருப்பிப் போடாத."

"ஏனுங்க, தப்பு இருந்தா தெரிய வேண்டாமா?"

"தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்."

குணசேகரன் அண்ணனிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். நாட்டு ஆட்டங்களில் ரெப்ரியின் முடிவுக்கு ரீப்ளே கிடையாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டமாக இருந்தது. ஆனால் சமவெளி ஆட்டங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஆட்டத்தில் ரெப்ரி செய்த தப்பை நாங்கள் மெதுவாக ஓட்டிக் காட்டினோம். அன்று வந்த போன்களுக்குப் பதில் சொல்ல ஆள் போதவில்லை. நல்ல ஆட்டத்தைப் பார்க்கிறவர்களைவிடத் தப்பைப் பார்க்கிறவர்கள் மூன்று மடங்கு என்று குணசேகரன் அண்ணன் கண்டுகொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு 'சர்ச்சை நேரம்' என்று ஒரு நிகழ்ச்சி. வெட்டி ஒட்டுவது நான். எந்த இடத்தில் நிறுத்தினால் பார்க்கிறவனுக்குக் கோபம் வரும் என்று என் கைக்குப் பழகிவிட்டது. அந்தத் திறமையில் எனக்குக் கர்வமும் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

2022 ஆடி மாசம் கடைசி ஆட்டம். மறுபடி குண்டனியும் ஆலத்தூரும். மறுபடி செம்மேடு, மறுபடி மழை. விசில் என் வீட்டுக்காரரிடம். எங்கள் கண்ட்ரோல் ரூம் ஜன்னலைத் திறந்தால் மைதானம் தெரியும். அந்த ஆறு வருஷத்தில் நான் அதைத் திறந்ததே இல்லை, எனக்கு எல்லாமே மானிட்டர்தான்.

கடைசி ரைடு. குண்டனி ஒரு பாயிண்டு முன்னால். ஆலத்தூரின் வேல்முருகன் போனான். மூன்று பேர் அவன் இடுப்பையும் காலையும் பிடித்துச் சேற்றில் அமுக்கினார்கள். அவன் கையை நீட்டி நீட்டி நடுக்கோட்டைப் பார்த்து ஊர்ந்தான். விசில். அவுட். குண்டனி ஜெயித்தது. குண்டனி கேப்டன் கோட்டை அழிக்கக் காலை வைத்தான்.

ரமேஷ்குமார் சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கும் சும்மா இருப்பதற்கும் ஆகாது. "வெரலு கோட்டத் தொட்ட மாதிரி இருந்துச்சுங்களே. நம்ம கண்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கறது ரெப்ரியோட சம்சாரம், பொறந்த ஊடு குண்டனி. ரீப்ளே வருதா, வரலையான்னு பாப்போம்" என்று நேரலையில் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நான் இரண்டாவது கேமராவை ஓட்டிப் பார்த்தேன். வேல்முருகனின் இரண்டு விரல் நுனி சாம்பல் கோட்டின் மேல் இருந்தது. விசில் அதற்குப் பிறகுதான். அப்படியானால் வேல்முருகன் அவுட் இல்லை. பிடித்த மூன்று பேர் அவுட், ஆட்டமே ஆலத்தூருக்கு. என் வீட்டுக்காரர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் குண்டனிக்காரன் ஒருவனின் முதுகு மறைத்திருக்கிறது. தப்பு, ஆனால் கண்ணுக்கு மறைந்த தப்பு.

போடாமல் விட்டால் புருஷனைக் காப்பாற்றினாள் என்பார்கள். பிறந்த ஊரைக் காப்பாற்றினாள் என்பார்கள். யமுனா நேர்மையானவள், சொந்தப் புருஷன் என்றாலும் விடமாட்டாள் என்று நாலு மாவட்டம் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அவர் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது என்பதும் நினைவில் இருந்தது. தெரிந்துதான் செய்தேன். விரல் கோட்டைத் தொடுவதிலிருந்து விசில் வரைக்கும் ஏழு விநாடி வெட்டி, மெதுவாக்கி, பட்டனை அமுக்கி ஓடவிட்டேன்.

குணசேகரன் அண்ணன் ஓடி வந்து திட்டுவார் என்று நினைத்தேன். ஓடித்தான் வந்தார். "இன்னொருக்கா போடு அம்மிணி" என்றார். அன்று ராத்திரிக்குள் பதினேழு தடவை போட்டோம். அதற்குள் அது எல்லா போனிலும் ஸ்டேட்டஸாக ஏறியிருந்தது. மலையில் முதல் தடவையாக, அழித்த கோட்டைப் பற்றி எல்லாரும் பேசினார்கள்.

என் வீட்டுக்காரர் ராத்திரி வீட்டுக்கு வந்தார். நானே, "தப்புத்தானுங்களே அது" என்றேன். "ஆமா" என்றார். விடியும் முன்பே எழுந்து எங்கேயோ போனார். வெயில் ஏறிய பிறகு திரும்பியவரின் சட்டைப்பை கிழிந்து தொங்கியது, முழங்காலில் சேறு. மிளகுக் கொடியைப் பார்க்கப் போய் வழுக்கிவிட்டது என்றார். மிளகுக் காட்டுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு யார் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அன்றைக்கு என் புத்தி முழுக்க எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதில் இருந்தது.

ஆலத்தூர்ப் பையன்கள் வந்து எங்கள் கூரை மேல் கல் எறிந்தார்கள். குண்டனியில் என் அண்ணன்மார், ஜெயித்த ஆட்டத்தை அசிங்கப்படுத்திவிட்டாள் என்று பேச்சை நிறுத்தினார்கள். பத்து நாள் கழித்து நாட்டுப் பெரியவர்கள் கூடி, இனி எந்த மைதானத்துக்குள்ளும் கேமரா வரக்கூடாது, சின்னக்கண்ணு விசில் எடுக்கக்கூடாது என்று முடிவு சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் சேனலோடு அவரையும் கவிழ்த்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

மைதானம் இல்லாத ஸ்போர்ட்ஸ் சேனலில் எதைக் காட்டுவது? மற்ற மலைகளிலும் சேதி பரவி ஜீப்பைத் திருப்பி அனுப்பினார்கள். பழைய ஆட்டங்களையே திருப்பித் திருப்பி ஓட்டினோம். முதலில் சேகோ ஆலை கை கழுவியது, பிறகு கோழித்தீவனம். ரமேஷ்குமார் யூடியூபில் சினிமா விமர்சனம் செய்யப் போனான். ரிக் கம்பெனி மட்டும் கடைசிவரை இருந்தது. 'எந்த ஊருக்கும் வருவோம், எத்தனை அடியும் போவோம்' என்ற அதன் விளம்பரத்தை நான்தான் வெட்டினேன். 2023 சித்திரையில் குணசேகரன் அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு என் முன்னாலேயே அழுதார். யாருக்கும் வேண்டாத ஹார்ட் டிஸ்குகளை ஒரு தீவனச் சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்தார்.

அதற்கு ஒரு மாசம் முன்பே என் வீட்டுக்காரர் அந்த ரிக் கம்பெனி லாரியில் ஏறிவிட்டார். மலையில் எதிரே வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் போனை எடுத்துக் குனிந்துகொள்வார்கள். அதை எட்டு மாசம் பொறுத்தார். சத்தீஸ்கரில் குழாய் இறக்குகிற வேலை. நாற்பத்து மூன்று வயசில் இருபது வயசுப் பையன்களோடு. விசில் எங்கள் வீட்டு ஆணியிலேயே தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ரிக் ஓடாது, அன்று போன் பண்ணுவார். மழை பெய்ததா, மரவள்ளி பிடுங்கியாச்சா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சண்டை போட்டாலாவது பரவாயில்லை என்று இருக்கும். ஊருக்கு வாங்க என்றால் பாக்கலாம் என்பார். இரண்டு பொங்கல் போய்விட்டது.

போன மாசம் வேல்முருகன் வீட்டுக்கு வந்தான். எதற்கு வந்திருக்கிறானோ என்று நான் கதவைப் பாதிதான் திறந்தேன். ஜீப் ஓட்டுகிறானாம், முழங்கால் போய் ஆட்டத்தை விட்டாச்சாம்.

"ஏனுங்கக்கா, நா ஆடுனது ஒண்ணுகூட எங்கிட்ட இல்லீங்க. இருந்தா ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தர்றீங்களா?"

தீவனச் சாக்கை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாக ஓட்டினோம். பழைய ஆட்டங்களில் தன்னைப் பார்த்து அவனே வெட்கப்பட்டான். கடைசியாக அந்த ஆடி ஆட்டம். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். ஓடட்டும் என்றான். நான் வெட்டாத முழுப் பதிவு. விசில் வந்தது. ஏழு விநாடி முடிந்தது. நான் அதற்கு மேல் என்றைக்கும் பார்த்ததில்லை. படம் பாட்டுக்கு ஓடியது.

குண்டனி கேப்டன் கோட்டை அழித்துக்கொண்டு போகிறான். என் வீட்டுக்காரர் சேற்றில் கிடக்கிற வேல்முருகனிடம் வந்து கையைப் பிடித்துத் தூக்குகிறார். தூக்கிய கையை விடாமல் விரல்களைத் திருப்பிப் பார்க்கிறார். சேற்றுக்கு மேலே விரல் நுனியில் வெள்ளையாகச் சாம்பல். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அழிந்துகொண்டிருக்கிற கோட்டை ஒரு தடவை பார்க்கிறார். பிறகு வேல்முருகனின் தோளில் உள்ளங்கையை வைத்து இரண்டு முறை அழுத்துகிறார்.

"இதுதானுங்க" என்றான் வேல்முருகன். "இத ஏனுங்கக்கா அன்னைக்குப் போடல?"

"ஆறுதல் சொல்றாரு. இதுல என்ன இருக்குது?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றான். அப்புறம் சொன்னான்.

ரெப்ரிக்குத் தன் தப்பு தெரிந்துவிட்டாலும், கோட்டை அழிக்கத் தொடங்கிய பிறகு முடிவை மாற்ற முடியாது. அதற்குப் பதிலாகத் தோற்றவன் தோளில் கை வைத்து இரண்டு முறை அழுத்துவார். மறுநாள் பொழுது கிளம்பும் முன்னால் உன் வாசலுக்கு வருகிறேன் என்று அர்த்தம். வெற்றிலை பாக்கோடு வந்து, "தப்பு எம்மேல" என்பார். தோற்றவன் அந்த வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் முடிந்தது. அடுத்த வருஷம் அந்த நாட்டுக்கு டாஸ் இல்லாமல் முதல் ரைடு. ஆடுகிறவர்களுக்கும் ரெப்ரிகளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வெளியே சொல்லக்கூடாது என்பதால்தான் பெரிய மனுஷர்களும் வெட்கமில்லாமல் தப்பை ஒத்துக்கொண்டார்கள்.

"நானும் எஞ்சம்சாரம் அருணாவும் வாசல் கூட்டி, காபி வெச்சுக் காத்திருந்தோமுங்க. அவரும் வந்தாரு. ஊரெல்லைக்கு வந்தப்ப எங்க பசங்க மறிச்சிட்டானுங்க. டி.வி.ல மானம் போனதுக்கப்புறம் பயந்துக்கிட்டு வர்றயான்னு கேட்டு, வெத்தலையப் பிடுங்கிச் சேத்துல போட்டு மிதிச்சானுங்க. நா ஓடறதுக்குள்ள அவரு திரும்பிட்டாரு. எனக்கு அன்னைக்கு ஆட்டம் போனது பெருசில்லீங்கக்கா. அந்த வெத்தலைய நா வாங்கியிருப்பேன்."

கிழிந்த சட்டைப்பை. முழங்கால் சேறு. மிளகுக் கொடி. நான் அவன் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவன் பென் டிரைவை எடுக்காமல் எழுந்து போய்விட்டான். தப்பை நான் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். அவர் எனக்கு முன்பே கண்டுபிடித்து, அதை நேராக்கக் கிளம்பியும் விட்டார். ஏழு விநாடியோடு நிறுத்தாமல் இன்னும் பத்து விநாடி ஓட்டியிருந்தால் ஆடுகிற ஒவ்வொருவனும் அந்தக் கையைப் பார்த்திருப்பான். அங்கே நிறுத்தினால்தான் கோபம் வரும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது, அதனால் நிறுத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் குளித்து, செம்மேட்டில் முந்தின நாள் வாங்கிவைத்த வெற்றிலையைத் தட்டில் எடுத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். யார் தப்புச் செய்தார்களோ அவர்கள் போக வேண்டும். அவர் வாசல் சத்தீஸ்கரில் ஒரு லாரிக்கு அடியில் இருந்தது. அவர் கூப்பிடுகிறவரை காத்திருக்கவில்லை, நானே கூப்பிட்டேன்.

"என்ன யமுனா, இந்நேரத்துல?"

"வேல்முருகன் வந்திருந்தானுங்க. முழுசும் பாத்தேன். நீங்க அவன் வெரலப் பாத்தது, தோள்ல கை வெச்சது, எல்லாம்."

நானே தொடர்ந்தேன்.

"விடியக்காலம் எங்க போனீங்கன்னும் சொன்னான்." வெற்றிலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். "தப்பு எம்மேலயுங்க."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவர் அதை உள்ளே வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வெளியே விட்டதுவரை கேட்டது. வெற்றிலையை வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று காதோடு போனை அமுக்கிக்கொண்டேன்.

"கம்ப்ரசர் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டீங்குது கண்ணு" என்றார். "அடுத்த வாரம் பேசறேன். மரவள்ளிக்குத் தண்ணி கட்டு."

கம்ப்ரசர் ஓடவில்லை. அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.